பில்லில் வரி தப்பா வருதா? சாஃப்ட்வேர்ல இந்த நாலு இடத்தைப் பாருங்க



பனியன் கம்பெனி நடத்துறவங்க, காதர்பேட்டையில் மொத்த வியாபாரம் பண்றவங்க, கடையில் டி-ஷர்ட் வாங்குறவங்க எல்லோருக்கும் பொதுவான ஒண்ணு, பில். அதில் வரி தப்பா வந்தா பெரும்பாலும் பில் போடும் தம்பியைத்தான் திட்டுறோம். ஆனா அவர் தட்டுறது விலையை மட்டும்தான். எத்தனை சதவீதம் வரி என்று முடிவு செய்வது சாஃப்ட்வேருக்குள் நாம் எழுதி வைத்த விதி.

2025 செப்டம்பர் 22 முதல் ஆயத்த ஆடைகளுக்கான ஜிஎஸ்டி மாறியது. முன்பு ஒரு உருப்படி 1,000 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம். இப்போது 2,500 ரூபாய் வரை 5, அதற்கு மேல் 18. அதாவது வரம்பும் மாறியது, மேல் விகிதமும் மாறியது. தப்பு நடப்பது இங்கேதான்.

ஒன்று, வரம்பு. 12-ஐ 18 ஆக்கிவிட்டு, 1,000-ஐ அப்படியே விட்டுட்டா என்ன ஆகும்? 1,200 ரூபாய் சட்டைக்கு 60 ரூபாய்க்குப் பதில் 216 ரூபாய் வரி விழும்.

இரண்டு, உருப்படியா மொத்தமா? வரம்பு ஒவ்வொரு உருப்படிக்கும்தான். 900 ரூபாய் சட்டை மூணு வாங்கினா மொத்தம் 2,700. விதி மொத்தத்தைப் பார்த்தா 18 சதவீதம் போட்டுவிடும். சரியானது 5 தான்.

மூன்று, தள்ளுபடி. வரிக்கு முந்தைய விலை 2,800, பில்லிலேயே தள்ளுபடி 400 என்றால், விற்பனை மதிப்பு 2,400. முதலில் தள்ளுபடி, பிறகு வரம்புச் சோதனை. இந்த வரிசை மாறக் கூடாது.

நான்கு, தேதி. பழைய விதியை அழிக்காதீங்க. செப்டம்பர் 21 வரை பழையது, 22 முதல் புதியது என்று தேதி கொடுங்க. பழைய பில்லுக்குத் திரும்பி வரும் சரக்குக்கு, அந்தப் பில்லில் போட்ட விகிதத்தில்தான் கிரெடிட் நோட் போடணும்.

மாற்றும் முன் பேக்கப் எடுங்க. மாற்றியபின் மூணு மாதிரி பில் போட்டுப் பாருங்க. 2,500 ரூபாய்க்கு ஒரு உருப்படி: 5 வரணும். 2,501-க்கு: 18 வரணும். 900 ரூபாயில் மூணு: 5 வரணும். மூணும் சரியா வந்த பிறகு கடை பில்லுக்குப் போங்க. மாதிரி பில்களை ரத்து செய்ய மறக்காதீங்க.

ஏற்கெனவே கூடுதல் வரி வாங்கியிருந்தால், அதைக் கடையே வைத்துக்கொள்ள முடியாது. அரசுக்குச் செலுத்தியாக வேண்டும். கிரெடிட் நோட் போட்டு வாடிக்கையாளருக்குத் திருப்பிக் கொடுங்க. நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30, அல்லது ஆண்டுக் கணக்குத் தாக்கல், இதில் எது முன்னாடி வருதோ அதற்குள் கணக்கில் காட்டணும்.

வாங்குறவங்களுக்கு ஒரு வார்த்தை. பில்லை மடிச்சுப் பையில் போடும் முன், ஒரு உருப்படியின் விலை, அதன் எதிரே உள்ள சதவீதம், இந்த இரண்டையும் பாருங்க. பில்லை போட்டோ எடுத்து வைங்க. தப்பு இருந்தா முதலில் கடையில் காட்டுங்க. சரி செய்யவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

ஒரு பில்லில் தப்பினால் 156 ரூபாய். விதியைத் திருத்தாத வரை, அதே தப்பு அடுத்த பில்லிலும் வரும். அதனால பில்லை மட்டும் திருத்தாதீங்க, விதியையும் திருத்துங்க.