உருளைக்கிழங்கு வெந்த மணி



‘கண்டுபிடித்தல்’ என்ற விஷயத்தைப் பற்றிப் பேசும்படி நம் சங்கச் செயலாளர் பணித்தபோது, நான் கொலம்பஸையோ சந்திர மண்டலத்தில் இறங்கிய மனிதரையோ பற்றிச் சொல்வேன் என்று அவர் எதிர்பார்த்திருக்கக்கூடும். அவ்வளவு தூரம் போக எனக்கு உத்தேசமில்லை. நாம் வந்து குடியேறி, வீடு வாங்கி, கறிவேப்பிலைச் செடியைக் கண்ணாடி வீட்டுக்குள் வைத்துக் குழந்தையைப்போல் காப்பாற்றிவரும் இந்த நியூஸிலாந்திலேயே பேசுவதற்கு வேண்டியது இருக்கிறது.

டாஸ்மன் என்ற கடலோடி 1642-இல் இந்தக் கரையைக் கண்டார். அவருடைய ஆட்கள் நால்வர் மாண்டுபோகவே, மண்ணில் காலடி வைக்காமலே கப்பலைத் திருப்பினார். 1769-இல் குக் என்ற கடலோடி வந்தார். இவ்விருவரும் இத்தேசத்தைக் கண்டுபிடித்தார்கள் என்று நாம் பள்ளிக்கூடத்தில் உரக்கப் படித்திருக்கிறோம். ஆனால் அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னமே நட்சத்திரங்களையும் அலைகளையும் பறவைகள் போகும் திசையையும் துணைகொண்டு படகோட்டி வந்து வாழ்ந்திருந்த மாவோரி மக்களை, யாரேனும் தம்மை வந்து கண்டுபிடிக்கக் காத்துக்கொண்டிருந்தவர்கள் என்று சொல்ல நியாயமில்லை. குக்கின் கப்பலில் துபையா என்றொரு மனிதர் இருந்தார். டஹீட்டியில் ஏறிக்கொண்டவர், அர்ச்சகர், மாலுமிக் கலையில் வல்லவர். முதல் நாள் சந்திப்பில் மாவோரி ஒருவர் சுடப்பட்டு இறந்துவிட, மறுநாள் ஆயுதம் தாங்கி ஆற்றின் அக்கரையில் நின்றவர்களை நோக்கித் துபையா தம்முடைய பாஷையில் பேசினார். அவர்களுக்கு விளங்கிற்று! இரு சாராரின் மூதாதையரும் பிரிந்து எத்தனையோ தலைமுறைகள் ஆகியிருந்தும், நடுவே மகா சமுத்திரம் கிடந்தும், சொல் அறுந்துபோகவில்லை. நம் வீடுகளிலோ, ஆக்லாந்து விமான நிலையத்தில் இறங்கிய தலைமுறைக்கு அடுத்த தலைமுறையிலேயே, பாட்டி தொலைபேசியில் வந்தால் பேரன் ‘ஹாய் பாட்டி’ என்பதோடு தாயாரிடம் கருவியைக் கொடுத்துவிடுகிறான். (சிரிக்கிறீர்கள், யார் வீட்டில் என்று நான் கேட்கவில்லை.)

இனி ஒரு மணியின் கதைக்கு வருகிறேன். இதில் நான் சற்று நீட்டினால் பொறுத்தருள வேண்டும். வடை ஆறாமலிருக்க ஏற்பாடு செய்திருப்பதாகக் கேள்வி.

1836-ஆம் ஆண்டு வாக்கில், வில்லியம் கொலென்ஸோ என்ற மிஷனரி, மாவோரி பாஷையில் புதிய ஏற்பாட்டைப் பின்னர் அச்சடித்து வெளியிட்ட அச்சுத் தொழிலாளர், வடக்கே வாங்கரேய் பக்கத்தில் பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். பாத்திரம் என்று அவர்கள் பாவித்தது உண்மையில் ஒரு மணி. அடிப்பாகம் உடைந்து, தலைகீழாய்த் திருப்பி அடுப்பில் ஏற்றப்பட்ட, சாண் அளவும் தேறாத சிறிய மணி. புயலில் சாய்ந்த பெருமரம் ஒன்றின் வேரடியில் கிடைத்ததென்று அவர்கள் சொன்னார்கள். அதன் விளிம்பைச் சுற்றிலும் என்னவோ எழுத்து ஓடிற்று. கொலென்ஸோ ஓர் இரும்புச் சட்டியைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார் என்பர். சமையலுக்கு அது லாபமான பேரம்தான்.

அந்த எழுத்து அவருக்கு விளங்கவில்லை. பிற்காலத்தில் தமிழ் அறிந்தவர்கள் வாசித்தபோதுதான், முகையதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி அது என்று தெரியவந்தது. முகையதீன்! நாகூரிலும் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் தெருவுக்கு ஒருவரேனும் இருக்கும் பெயர். அச்சேவிலும் மலாக்காவிலும் கடாரத்திலும் வியாபாரம் செய்துவந்த சோழமண்டலக் கரை முஸ்லிம் வணிகர் யாரோ ஒருவர், தம் கப்பலின் மணியில் தம் பெயரைத் தமிழில் பொறித்துவைத்திருக்கிறார். எழுத்துகளில் சில இன்று வழக்கொழிந்தவை. ஆகவே மணிக்கு வயது ஐந்நூறு இருக்கலாம் என்று சிலர் கணிக்கிறார்கள். அது இந்தக் கரைக்கு எப்படி வந்தது, கப்பலே வந்ததா, ஆளில்லாமல் மிதந்து வந்ததா, வேறு யாரேனும் கொண்டுவந்தார்களா என்பது ஒருவருக்கும் தெரியாது. தமிழன் நியூஸிலாந்தைக் கண்டுபிடித்தான் என்று இதை வைத்து மேடையில் முழங்குகிறவர்கள் உண்டு. அவர்களுடைய உற்சாகத்தில் எனக்குப் பங்கில்லை. கொலென்ஸோவின் உயில்படி பொதுச் சொத்தாகி, இன்று அந்த மணி நம் ஊர் தே பாப்பா அருங்காட்சியகத்தின் உடைமையாக இருக்கிறது. அதுவரையில் சொல்லலாம், அதற்குமேல் சொல்ல ஆதாரமில்லை.

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை, அந்த மணியின் படத்தைப் பெரிதாக அச்சிட்டுத் தமிழ் வகுப்பு மேஜையில் போட்டுவிட்டு, நான் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன். ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி, ஆத்திசூடி என்றால் தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொள்கிறவள், காகிதத்தை இப்படியும் அப்படியும் திருப்பி, விரலை விளிம்போடு ஓட்டிக்கொண்டே போனாள். திடீரென்று, “தாத்தா, இது ‘மணி’!” என்று கத்தினாள். பிறகு மற்றப் பிள்ளைகளும் வந்து மொய்த்துக்கொண்டார்கள். கப்பல் என்ற சொல் எது என்று அவர்களுக்குள் ஒரு சண்டை. “கப்பல்ல இருந்தவங்க எல்லாம் எங்கே போனாங்க?” என்றாள் அந்தப் பெண். தெரியாதம்மா என்றேன். “பாவம், அவங்களுக்கு அந்த உருளைக்கிழங்காவது கிடைச்சுதா?” என்றாள். அவ்வளவும் தமிழில்!

அந்நேரம் வாசலில் அவளுடைய தாயார் வந்து நின்று, பாலே வகுப்புக்கு நேரமாகிறது, சீக்கிரம் வா என்று ஆங்கிலத்தில் சொன்னார். குழந்தையும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டது. அந்த அம்மையார் இதோ முன்வரிசையில் இருக்கிறார்; அவரே சிரிப்பதால் எனக்குத் தைரியம் வந்திருக்கிறது.

பெற்றோர்களே, நம்முடைய தப்பு என்னவென்றால், நாம் தமிழை முடித்துவைத்த சொத்தாகப் பிள்ளைகளிடம் நீட்டுகிறோம். தொன்மையானது, இனிமையானது, போற்று என்கிறோம். அவர்களும் ஆண்டு விழாவில் மனப்பாடம் செய்ததை ஒப்பித்து, கோப்பையை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். தானே தேடி, தானே தடுமாறி, தன் விரலால் ஓர் எழுத்தைத் தொட்டு அறிந்துகொண்ட பிள்ளைக்கு உண்டாகும் கர்வம் வேறு ரகம். அதை நாம் உயில் எழுதி வைக்க முடியாது. ஆனால் பிள்ளை பாஷைக்குள்ளேயே வளர வழி செய்யலாம். இந்த மலைக்கு அப்பால் வைனுயோமாட்டாவில், 1982-இல், மாவோரிப் பாட்டிமார்கள் பள்ளிக்கூடம் போகாத சிசுக்களைக் கூட்டி வைத்து, நாள் முழுதும் தங்கள் பாஷையிலேயே விளையாட்டும் சாப்பாடும் தாலாட்டுமாக வளர்க்கத் தொடங்கினார்கள். ஐந்தாண்டுகளில் அந்தப் பாஷை இத்தேசத்தின் ஆட்சிமொழி ஆயிற்று. நம் பாட்டிமார்களையும் நாம் ஆறு மாத விசாவில் அழைத்துவருகிறோம். வந்தவர்களைச் சமையலறையிலும் தொலைக்காட்சி முன்பும் உட்கார்த்திவிடுகிறோம். அவர்களை வகுப்புக்கு அனுப்புங்கள்.

புதிய ஆண்டுத் தமிழ் வகுப்புக்குப் பெயர் பதியும் தாள் வாசலருகே மேஜையில் இருக்கிறது. பிள்ளையின் பெயருக்குக் கீழே, வந்து உட்காரப்போகும் பெற்றோர் அல்லது பாட்டி தாத்தா பெயருக்கும் இடம் விட்டிருக்கிறோம்; இரண்டையும் எழுதிவிட்டுச் சாப்பிடப் போகும்படி வேண்டுகிறேன்.