ஒரே அளவுப் படகு: களப்பில் நாம் படித்தது
(நூற்றாண்டு விழாவையொட்டி நடந்த பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நாம் நால்வரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஐம்பது வயதைத் தாண்டியபின் பழைய பாய்ப்படகு ஒன்றைக் கூட்டாக வாங்கி ஓட்டப் பழகினோம். அந்த அனுபவத்தைச் சொல்லும்படி சங்கம் கேட்டது. எம்மில் எவரும் வீராங்கனை அல்லர். ஆனாலும் தொடங்க விரும்புபவர்களுக்கு எமது பிழைகள் உதவும்.

புத்தளத்துக்கும் கற்பிட்டிக் குடாநாட்டுக்கும் நடுவே களப்பைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். உப்பளத்திலும் கருவாட்டுப் பந்தலிலும் பெண்கள் வேலை செய்தார்கள். பாய் விரித்த வள்ளத்தில் மட்டும் பெண்பிள்ளை கால் வைக்கக் கூடாது என்றார்கள். காற்று எங்கிருந்து வருகிறது என்று எமக்குத் தெரியும்; சுக்கானைப் பிடிக்கத்தான் தெரியாது.

முதலில், எந்தப் படகு? ஓட்டப் போட்டிக்கென்று ‘ஒரே அளவுப் படகுகள்’ உண்டு. உடல், பாய், பாய்மரம் எல்லாம் ஒரே விதிப்படி அமைந்திருக்கும். காசுள்ளவர் நீண்ட படகையோ பெரிய பாயையோ கொண்டுவந்து வெல்ல முடியாது. எமது படகு ஜி.பி.14 வகை. ஆங்கிலேய வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட் 1949இல் வரைந்தது. 14 அடி நீளம், இருவர் ஓட்டுவது. வேல்ஸ் நாட்டு அபர்டோவி என்ற ஊரின் மணி அதன் பாயில் சின்னமாக இருக்கும். அதைக் கண்டதும் எமக்கு நினைவு வந்தது பாடசாலை மணிதான்.

மணிக்காக அதை வாங்கவில்லை. கொழும்பில் றோயல் கொலம்போ யொட் கிளப்பில் அந்த வகைப் படகுகள் ஓடுகின்றன, அதனால் வாங்கினோம். இதுவே முதல் விதி: அழகான படகைத் தேடாதீர்கள், மற்றவர்கள் ஓட்டும் படகைத் தேடுங்கள். தனியாக ஒரு வகையை வைத்திருப்பவருக்குப் போட்டியும் இல்லை, உதிரிப்பாகமும் இல்லை, சொல்லித்தர ஆளும் இல்லை.

இரண்டாவது, பழையதை வாங்குங்கள், ஆனால் நன்றாகப் பார்த்து வாங்குங்கள். அடிப்பாகத்தை விரல்முட்டியால் தட்டிக்கொண்டே போக வேண்டும். ஓசை மந்தமாகும் இடத்தில் உள்ளே ஈரம் இருக்கலாம். பாய்மரம் ஊன்றும் இடத்தையும், சுக்கான் மாட்டும் கொளுக்கிகளையும் அசைத்துப் பார்க்க வேண்டும். காற்றறைகளின் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். நாம் அதைச் செய்யவில்லை. முதல் நாளே ஒரு பக்கம் கனத்துச் சாய்ந்தது. மூடியைத் திறந்தால் வாளிக் கணக்கில் தண்ணீர். விற்றவர் மறைக்கவில்லை, நாம் கேட்கவில்லை. போட்டிக்குப் போவதென்றால் அளவுச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது நீச்சல். உண்மையில் இதுதான் முதலாவது. எம்மில் ஒருத்தியின் தமையனைக் கடல் கொண்டுபோனது. படகு வாங்கிய செய்தி கேட்டு அவளுடைய உம்மா மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள், “நீந்தத் தெரிஞ்ச பிறகு ஏறு மகள், அதுவரை அந்தச் சாமானைக் கரையிலேயே வை” என்றார். ஆகவே படகு நான்கு மாதம் தென்னை மரத்தடியில் கிடந்தது. நால்வரும் நீந்தப் பழகினோம். பின்னர் மார்பளவுத் தண்ணீரில் வேண்டுமென்றே படகைக் கவிழ்த்து, நடுப்பலகையில் ஏறி நின்று, உடல் பாரத்தால் அதை நிமிர்த்தப் பழகினோம். இருபது முறைக்கு மேல் கவிழ்த்திருப்போம். கவிழ்வதற்குப் பயம் போனபிறகுதான் ஓட்டுவது விளங்கியது. மிதவை அங்கி இல்லாமல் எவரும் ஏறுவதில்லை, இன்றும் அப்படித்தான்.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. சோளகம் பலத்து வீசும் மாதங்களில் காற்றுச் சறுக்கு வீரர்கள் உலகெங்குமிருந்து கற்பிட்டிக்கு வருகிறார்கள். அது புதியவர்களுக்கான காற்றல்ல. சோளகத்துக்கு முந்திய பங்குனி, சித்திரைக் காலைப் பொழுதுகளில் தொடங்குங்கள். காற்றுக்கு நேர் எதிராக எந்தப் பாய்ப்படகும் போகாது. ஒரு பக்கமும் மறுபக்கமுமாகச் சாய்வாக வெட்டி வெட்டித்தான் முன்னேற வேண்டும். இதைப் புத்தகத்தில் படிக்க ஒரு நிமிடம் போதும், கைக்கு வர ஒரு வருடம் எடுக்கும்.

இனிப் போட்டி. புத்தளத்திலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீற்றர் படகை இழுத்துக்கொண்டு கொழும்புக்குப் போனோம். தொடங்குவதற்கு ஐந்து நிமிடம் முன் ஒரு சமிக்ஞை, நான்கு நிமிடத்தில் ஒன்று, ஒரு நிமிடத்தில் ஒன்று, பிறகு தொடக்கம். நாம் கோட்டைக் கடந்தபோது மற்றவர்கள் முதல் மிதவையை நெருங்கிவிட்டார்கள். கடைசியாக வந்தோம்.

ஆனால் அன்று நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். வலப்பக்கத்துக் காற்றில் வரும் படகுக்கு இடப்பக்கத்துக் காற்றில் வரும் படகு வழிவிட வேண்டும் என்பது விதி. அவசரத்தில் நாம் வழிவிடவில்லை. மற்றப் படகு திரும்பி விலகியது. தண்ணீரில் விசில் ஊதும் நடுவர் எவருமில்லை, அவர்களும் ஆட்சேபிக்கவில்லை. அப்படித் தவறினால் தாமாகவே படகை இரண்டு முறை சுற்ற வேண்டும். ஒருத்தி, “யாரும் பார்க்கேல்லைத்தானே” என்றாள். மற்றவள் பதில் சொல்லாமல் சுக்கானைத் திருப்பினாள். இரண்டு சுற்றும் சுற்றினோம். கடைசி இடம் உறுதியானது. கரைக்கு வந்ததும் அந்தப் படகின் பிள்ளைகள் இருவர் எம்மிடம் வந்து, பாய்க் கயிற்றை எங்கே பிடிக்க வேண்டும் என்று அரைமணி நேரம் சொல்லித்தந்தார்கள்.

ஒலிம்பிக் போட்டிக்குப் போன முதல் இந்தியப் படகோட்ட வீராங்கனை ஒரு தமிழ்ப் பெண். சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் 2021 ஏப்ரலில் ஓமானில் தகுதி பெற்று டோக்கியோவுக்கும், பின்னர் 2024இல் பாரிஸுக்கும் போனார். பள்ளிப் பருவத்தில் கோடைக்கால முகாமொன்றில் தொடங்கியவர். அவர் ஓட்டியது லேசர் ரேடியல் என்ற ஒரே அளவுப் படகு. ஒலிம்பிக்கில் அந்தப் படகுகளை ஏற்பாட்டாளர்களே எல்லாருக்கும் வழங்குகிறார்கள். எவர் வீட்டுக் காசும் அங்கே படகுக்குள் ஏறாது.

இனி எமது வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாகப் பாடசாலைக்குப் புதுப்படகு ஒன்று வாங்கலாம் என்று சிலர் சொல்கிறீர்கள். அன்புக்கு நன்றி, ஆனால் வேண்டாம். ஒரு புதுப்படகு விழாவில் படம் எடுக்க உதவும். பிறகு பழுதாகிவிடும் என்ற பயத்தில் பூட்டி வைப்போம். அதே வகையில் பழைய படகுகள் இரண்டு வாங்குவோம். இரண்டு இருந்தால் அது போட்டி. மீன்காரர் மகளும் வைத்தியர் மகளும் ஒரே நீளம், ஒரே பாயில் பக்கத்துப் பக்கத்தில் ஓடுவார்கள். ஆனால் நிதியின் முதற் பங்கு நீச்சல் பயிற்சிக்கும் மிதவை அங்கிகளுக்கும் போகட்டும். அது சேர்ந்தபிறகு படகைப் பற்றிப் பேசுவோம். பிள்ளையை அனுப்பும் தாய்மார் கேட்கும் முதல் கேள்விக்கு எம்மிடம் பதில் இருக்க வேண்டும்.

அந்த உம்மா போன சித்திரையில் களப்புக்கு வந்தார். படகில் ஏறவில்லை. கரையில் கதிரை போட்டு இருந்து, நாம் திரும்பி வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். “பாயை இன்னும் கொஞ்சம் இறுக்கியிருக்கலாம்” என்றார். அவர் சொன்னது சரிதான்.