அறம்: யார் தந்தது, யாருக்கானது?



நம் ஆசிரியர் நினைவாக ஆண்டுதோறும் கூடுகிறோம். அவர் சேரியில் நடத்திய இரவுப் பள்ளியில் படித்தவர்கள் பலர் இந்த அரங்கில் இருக்கிறோம். மன்றத்தின் சார்பில் நாங்கள் சேர்ந்து எழுதிய உரை இது. அந்தப் பள்ளியில் ஒரு நாள் எழுந்த கேள்வியிலிருந்தே தொடங்குகிறோம்.

எங்கள் தெருவில் ஒரு மூதாட்டி இறந்துபோனார். அடைமழைக் காலம். பொதுப்பாதை வழியாகப் பிணத்தைக் கொண்டுபோக விடவில்லை. இடுப்பளவு ஓடைத் தண்ணீரில் பாடையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தோம். மறித்து நின்றவர்கள் ஊரில் கெட்டவர்கள் என்று பேர் எடுத்தவர்கள் அல்லர். கோயிலுக்கு நேர்ந்துகொண்டு தீ மிதிப்பவர்கள். வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பவர்கள். பெற்றவர்களைக் கடைசிவரை வைத்துப் பார்ப்பவர்கள்.

அன்றிரவு பள்ளியில் ஒரு மாணவன் கேட்டான்: "கடவுள்தான் மனுஷனுக்கு நல்லது கெட்டது சொல்லிக் குடுத்தார்னா, இவங்களுக்கு என்ன சொல்லிக் குடுத்தார்?" உடனே இன்னொருவன் கேட்டான்: "கடவுளே இல்லைன்னா, அவங்க செஞ்சது தப்புன்னு நாம எதை வெச்சுச் சொல்றது?" ஆசிரியர் பதில் சொல்லவில்லை. இரண்டு கேள்விகளையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, "இதை யாரும் அழிக்காதீங்க" என்றார்.

இன்றுவரை நம்மில் யாரும் அழிக்கவில்லை. இரண்டையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதலில் கடவுள். 1934 ஜனவரி 15 அன்று பீகாரில் பெரும் நிலநடுக்கம் வந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அப்போது தீண்டாமை எதிர்ப்புப் பயணமாகத் தமிழகத்தில் இருந்த காந்தி, தீண்டாமை என்னும் பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனையே இந்த நிலநடுக்கம் என்று திருநெல்வேலியில் பேசினார். தாகூர் அதை மறுத்து எழுதினார். இயற்கையின் நிகழ்வை மனிதரின் ஒழுக்கத்தோடு முடிச்சுப் போடுவது பகுத்தறிவுக்கு ஒவ்வாது என்பது அவர் வாதம். காந்தி அந்த மறுப்பை 'ஹரிஜன்' இதழில் வெளியிட்டுத் தம் கருத்தில் உறுதியாக நின்றார்.

காந்தியின் நோக்கம் தீண்டாமையைக் கண்டிப்பதுதான். ஆனால் அந்த வாதத்தின் வழியே நடந்து பாருங்கள். இடிந்த வீடுகளுக்கு அடியில் தீண்டப்படாதோரும் கிடந்தார்கள். தீண்டாமை செய்த பாவத்துக்குத் தீண்டாமைக்கு ஆளானவரும் சாக வேண்டுமா? அன்றைய சனாதனிகளோ அதே நிலநடுக்கத்தைக் காட்டி, ஹரிசனங்களைக் கோயிலுக்குள் விடப் பார்த்ததற்கு வந்த தண்டனை என்று சொல்லியிருக்கலாம். இரண்டில் எது சரி என்று நிலநடுக்கம் சொல்லாது. நாம்தான் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்வதற்கான அளவுகோல் கடவுளிடமிருந்து வரவில்லை, ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது.

சாக்ரடீஸ் யூதிப்ரோ என்பவரிடம் கேட்டதாகப் பிளேட்டோ எழுதிவைத்த கேள்வியும் இதுதான். நல்லது என்பதால் தெய்வங்கள் அதை விரும்புகின்றனவா, தெய்வங்கள் விரும்புவதால் அது நல்லதாகிறதா? இரண்டாவது சரியென்றால், தெய்வம் தீண்டாமையை விரும்பினால் தீண்டாமையும் நல்லதாகிவிடும். இது நமக்கு வெறும் தத்துவப் பயிற்சி அல்ல. 1927 மார்ச் 20 அன்று மகத் நகரத்துச் சௌதார் குளத்தில் அம்பேத்கரும் ஆயிரக்கணக்கான மக்களும் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள். குளத்தை எல்லோருக்கும் திறந்துவிடுவதாக நகராட்சி முன்பே தீர்மானம் போட்டிருந்தது. ஆனாலும் சாதி இந்துக்கள் தாக்கினார்கள். பிறகு சாணமும் கோமூத்திரமும் பாலும் தயிரும் கலந்த 108 குடங்களை ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். தங்கள் சமயம் சொன்னபடியே செய்தார்கள், மனசாட்சி உறுத்தாமல் செய்தார்கள். அதனால்தான் அந்த ஆண்டு டிசம்பர் 25 அன்று மகத்தில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. மனிதரின் கோபத்தை மட்டும் எதிர்த்தால் போதாது, அந்தக் கோபத்தைப் புனிதமாக்கும் நூலின் அதிகாரத்தை எதிர்க்க வேண்டும் என்பதை அம்பேத்கர் அங்கே செயலில் காட்டினார்.

நம் தமிழிலும் இதற்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறது. மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் கதை. வேள்விக்குக் கட்டி வைத்திருந்த பசுவை இரவில் அவிழ்த்துக்கொண்டு போனவன் அவன். அடித்தார்கள். வளர்த்த தந்தை கைவிட்டார். பிச்சைப் பாத்திரத்தில் கல்லைப் போட்டார்கள். அவன் மதுரைக்குப் போய், பிச்சை எடுத்ததைக் கண்ணில்லாதவர், காது கேளாதவர், கால் முடமானவர் என்று கூப்பிட்டு உண்ண வைத்துவிட்டு, மிச்சத்தைத் தான் உண்டான். சிந்தாதேவி அவனுக்கு அமுதசுரபியைத் தந்தது அதற்குப் பிறகுதான். பின்னர் இந்திரன் வரம் தர வந்தபோது ஆபுத்திரன் சிரித்தான் என்கிறது காப்பியம். கதையின் வரிசையைக் கவனியுங்கள். பசித்தவனுக்குச் சோறு போடும் அறம் முதலில் வந்தது. தெய்வத்தின் பாத்திரம் பின்னால் வந்தது. வேள்வியின் விதியோ அந்த அறத்துக்கு எதிராக நின்றது.

இனி இரண்டாவது விடை, பரிணாமம். இயற்கையிடம் கேட்டால் நமக்கு நியாயம் கிடைத்துவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பாதிதான் கிடைக்கும்.

டார்வின் 1871இல் வெளியிட்ட 'மனிதனின் வழித்தோன்றல்' நூலில், கூட்டமாக வாழும் உணர்ச்சி கொண்ட எந்த விலங்கும் அறிவு வளர்ந்தால் ஒழுக்க உணர்வையும் பெற்றுவிடும் என்று வாதிட்டார். குட்டியைக் காப்பது, கூட்டாளிக்கு உதவுவது, கூட்டத்தின் ஏச்சுக்கு அஞ்சுவது ஆகியவற்றிலிருந்து மனசாட்சி முளைத்தது என்பது அவர் கருத்து. பிற்கால ஆய்வுகள் இதற்கு வலுச் சேர்த்தன. 2003இல் சாரா பிராஸ்னன், பிரான்ஸ் டி வால் இருவரும் கபுச்சின் குரங்குகளிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரே வேலைக்கு இரண்டு குரங்குகளுக்கும் வெள்ளரித் துண்டு கொடுத்தபோது வாங்கிக்கொண்டன. பக்கத்துக் குரங்குக்குத் திராட்சை கொடுத்ததும் வெள்ளரி கிடைத்த குரங்கு பல முறை அதை வாங்க மறுத்தது, சில நேரம் வீசி எறிந்தது. கூலியில் ஓரவஞ்சனை என்றால் என்ன என்று அதற்கு எந்த வேதமும் கற்றுத் தரவில்லை. அரை மரக்கால் நெல் குறைந்தபோது களத்துமேட்டில் நின்று கேட்ட நம் பாட்டனுக்கும் பாட்டிக்கும் எந்த வேதமும் கற்றுத் தரவில்லை.

ஆனால் இன்னொன்றையும் பாருங்கள். அந்தச் சோதனையில் எதிர்ப்புக் காட்டியது குறைவாகப் பெற்ற குரங்குதான். தனக்கு நேர்ந்த அநியாயத்தை உணர்வது இயல்பாக வருகிறது. அடுத்தவருக்கு நேரும் அநியாயத்தை உணர்வது அத்தனை எளிதாக வருவதில்லை.

1970ஐ ஒட்டி இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஹென்றி டாஜ்பெல் பள்ளி மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார். அவர் போலந்தில் பிறந்த யூதர். அவர் குடும்பத்தை நாஜிகள் அழித்தார்கள். எந்த ஓவியரின் படம் பிடித்தது என்பதை வைத்துப் பிரித்ததாகச் சொல்லி, மாணவர்களை இரண்டு குழுவாக்கினார். உண்மையில் குருட்டாம்போக்கில்தான் பிரித்தார். அவர்களுக்குள் பழைய பகை இல்லை. தன் குழுவில் வேறு யார் இருக்கிறார்கள் என்றுகூடத் தெரியாது. ஆனாலும் காசைப் பங்கிடச் சொன்னபோது தன் குழுவுக்கு அதிகம் கொடுத்தார்கள். தன் குழுவுக்கு வருவது குறைந்தாலும் பரவாயில்லை, அடுத்த குழுவைவிட மேலே இருந்தால் போதும் என்றுகூடப் பங்கிட்டார்கள்.

எங்கள் ஊரில் மறித்து நின்றவர்களை இப்போது கொஞ்சம் புரிந்துகொள்ள முடிகிறது. கடனைத் திருப்பித் தந்த கையும் பாடையை மறித்த கையும் ஒன்றுதான். அவர்களிடம் அறம் இல்லாமல் இல்லை. தெரு முனையோடு அது முடிந்துவிடுகிறது.

பரிணாமத்தைச் சாதிக்குத் துணையாக அழைத்தவர்களும் உண்டு. இரத்தத் தூய்மையைக் காக்கவே சாதி, அதுவே இனமேம்பாட்டியல் என்றார்கள். 1936இல் அச்சிட்ட 'சாதி ஒழிப்பு' உரையில் அம்பேத்கர் இதற்கு விடை கொடுத்தார். ஒரு வட்டாரத்தின் மேல்சாதியாரும் தீண்டப்படாதோரும் இனத்தால் ஒன்றே என்று எடுத்துக் காட்டினார். அதற்கும் 20 ஆண்டுகளுக்கு முன், 1916இல், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில், சாதியின் உயிர்நாடி அகமணம், அது பின்னால் கொண்டுவந்து சுமத்தப்பட்டது என்றார். 2013இல் ஐதராபாத் ஆய்வாளர்களும் ஹார்வர்டு ஆய்வாளர்களும் சேர்ந்து வெளியிட்ட மரபணு ஆய்வு, இந்த நாட்டு மக்கள் சுமார் 4200 ஆண்டுகளுக்கும் 1900 ஆண்டுகளுக்கும் இடையே பரவலாகக் கலந்தார்கள், பிறகுதான் கலப்பு அருகி அகமணம் இறுகியது என்று காட்டியது. சாதியை இயற்கை உண்டாக்கவில்லை. நம்மவர், பிறர் என்று பிரிக்கும் மனத்தை இயற்கை தந்தது. கோட்டை எங்கே போடுவது என்பதை மனிதர் தீர்மானித்தார்கள். மனிதர் போட்ட கோட்டை மனிதர் அழிக்கலாம்.

இந்த இடத்தில்தான் அம்பேத்கர் தம் கடைசி நூலில் ஓர் அடி முன்னே போகிறார். அவர் மறைந்த பின் 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில், கடவுளுக்குரிய இடத்தில் ஒழுக்கத்தை வைக்கிறார். மனிதன் மனிதனை நேசிக்க வேண்டிய தேவையிலிருந்தே அது எழுகிறது, அதற்குக் கடவுளின் ஆணை தேவையில்லை என்கிறார். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. ஒழுக்கம் இருந்தால் மட்டும் போதாது என்றும் எழுதுகிறார். திருடர்களுக்குள்ளும் ஒழுக்கம் உண்டு. வணிகர்களுக்குள்ளும் உண்டு, ஒரு சாதிக்குள்ளும் உண்டு. அது குழுவைக் காக்கும் ஒழுக்கம். வெளியே இருப்பவனுக்கு அதுவே கேடு. வாழ்க்கைப் போராட்டத்தில் பிழைப்பவர் வலிமையானவராக இருக்கலாம், சிறந்தவராக இருக்க வேண்டியதில்லை. எளியவரைக் காக்க வேண்டுமானால் ஒழுக்கம் எல்லோருக்கும் பொதுவாக வேண்டும், யாரும் மீறத் துணியாத புனிதமாகவும் வேண்டும். அதுதான் தம்மம் என்கிறார்.

டார்வினைப் படித்தவரின் விடை இது. டார்வினோடு நின்றுவிடாதவரின் விடையும் கூட. 1898இல் பௌத்தத்துக்குத் திரும்பிய பண்டிதர் அயோத்திதாசரும், 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கானோரோடு தம்மம் ஏற்ற அம்பேத்கரும், படைத்த கடவுள் இல்லாத அறத்தைத் தேர்ந்ததன் பொருள் இங்கே விளங்குகிறது. அறத்தைக் கைவிடவில்லை, அதை வானத்திலிருந்து இறக்கி நம் பொறுப்பில் வைத்தார்கள்.

அந்தக் கோடு எப்படி அகன்றது என்பதற்கும் வரலாறு இருக்கிறது. அமெரிக்காவில் அடிமைகளை வைத்திருந்தவர்கள் பைபிளைக் காட்டினார்கள். அடிமை முறையை எதிர்த்தவர்களும் அதே பைபிளைக் காட்டினார்கள். அடிமையாய் இருந்து தப்பிய பிரடெரிக் டக்ளஸ், 1845இல் எழுதிய தன் வரலாற்றில், பக்தி மிகுந்த எசமானர்களே மிகக் கொடியவர்கள் என்று பதிவு செய்தார். வேத வசனம் தீர்த்துவைக்கவில்லை. அடிமைகளின் ஓட்டமும் பேச்சும் எழுத்தும் போரும்தான் தீர்த்துவைத்தன. 1873இல் ஜோதிராவ் புலே தம் 'குலாம்கிரி' நூலை, அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். கடல் கடந்த ஒரு போராட்டத்தைத் தம் மக்களின் போராட்டமாக அவர் கண்டார். அறம் இப்படித்தான் அகலுகிறது. வெளியே நிறுத்தப்பட்டவர்கள் கதவைத் தட்டித் தட்டியே அகல வைக்கிறார்கள்.

தோழர்களே, இதைப் பிறருக்குச் சொல்வது எளிது. நம் தெருவிலும் கோடுகள் இருக்கின்றன. 2009இல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தபோது நம் திண்ணைகளில் என்னென்ன பேசினோம் என்பது நமக்குத் தெரியும். துப்புரவுப் பணியாளர் வீட்டில் பெண் எடுக்க நம்மில் எத்தனை பேர் தயாராக இருக்கிறோம்? கூட்டத்தில் சமத்துவம் பேசிவிட்டு வீட்டில் யார் கடைசியாகச் சாப்பிடுகிறார்கள்? வெள்ளரி கிடைத்தபோது வீசி எறிந்தோம், சரி. திராட்சை கிடைக்கும்போது பக்கத்தில் திரும்பிப் பார்க்கிறோமா? நம் இயக்கம் இன்னொரு குழு ஒழுக்கமாக முடிவதும் முடியாததும் இதைப் பொறுத்தே இருக்கிறது.

இப்போது கரும்பலகைக்குத் திரும்புவோம். முதல் மாணவனுக்கு நாம் சொல்வது: தம்பி, மறித்து நின்றவர்களுக்கு அறம் எல்லோரையும் போலத்தான் கிடைத்தது, கூடி வாழ்ந்த வாழ்க்கையிலிருந்து கிடைத்தது. அதற்கு அவர்கள் வேலி போட்டார்கள், வேலிக்குச் சாமி பேரை வைத்தார்கள். இரண்டாவது மாணவனுக்குச் சொல்வது: தண்ணீருக்குள் பாடையைத் தூக்கி நடந்தோமே, அந்தப் பாட்டியும் மனுஷிதான் என்பது போதும். அதைத் தப்பு என்று சொல்ல வேறு சான்று தேவையில்லை. ஆனால் சொன்னால் மட்டும் அது நிலைக்காது. சட்டமாக, பழக்கமாக, யாரும் மீறக் கூசும் புனிதமாக அதை ஆக்க வேண்டும். கடவுள் அதைச் செய்து தர மாட்டார். பரிணாமமும் செய்து தராது.

அந்த ஓடையில் இப்போது பாலம் இருக்கிறது. மனு எழுதி, மறியல் செய்து, வழக்குப் போட்டு வாங்கிய பாலம். பொதுப்பாதை இன்னும் திறக்கவில்லை. அடுத்த மனுவை எழுதும் வேலையை இன்று வந்திருக்கும் மாணவர்களிடம் கொடுக்கிறோம்.