முன்னோர் மண் என்னும் கனவு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், நம் காலனியில் ஒவ்வொரு வீட்டிலும் நாள்தோறும் பேசப்படுவதேயாகும். மாலையில் பணியிலிருந்து திரும்பிக் காப்பியைக் கையில் எடுத்ததும் நம்மில் பலர் ஊர்ப் பேச்சைத் தொடங்கிவிடுகிறோம். ஓய்வு பெற்றதும் ஊருக்கே போய்விடுவோம். பாட்டனார் வீட்டைப் பழுது பார்ப்போம். காலையில் ஆற்றில் நீராடி, மாலையில் கோயில் மண்டபத்தில் காற்று வாங்குவோம் என்கிறோம். ஆற்றில் இப்பொழுது தண்ணீர் வருகிறதா என்று நாம் கேட்பதில்லை. பாட்டனார் வீட்டில் யார் குடியிருக்கிறார் என்றும் கேட்பதில்லை. கேட்டால் கனவு கலைந்துவிடும் அன்றோ!

இப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளை சில வேளை ஒரு வினாவை எழுப்புகிறது: “அங்கே நமக்கு யார் இருக்கிறார்கள்?” இவ்வினாவுக்கு நாம் விரைந்து விடை கூறுவதில்லை. காப்பி ஆறிவிட்டது என்று பேச்சை மாற்றிவிடுகிறோம்.

முன்னோர் மண்ணைக் குறித்த கனவைப் பழிப்பது நம் நோக்கமன்று. வேற்றூரில் மொழி புரியாமல் நின்ற நாளிலும், பனி கொட்டும் இரவில் தனித்து நோயுற்ற நாளிலும் அக்கனவே நம்மைத் தாங்கியது. ஆயினும் கனவு நனவானால் என்ன நேரும் என்று அறிந்துகொள்வது நன்று. நமக்கு முன்னே கடல் கடந்து வாழ்ந்து, முன்னோர் மண்ணைக் கனவில் கண்டு, ஒருநாள் அம்மண்ணிலேயே வந்து இறங்கியவர்கள் உண்டு. அவர்களுள் பர்மாத் தமிழர் வரலாற்றை இன்று நினைவுகூர விரும்புகிறோம்.

பர்மா என்று நாம் சொல்லிப் பழகிய நாடு இன்று மியான்மர் எனப்படுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஐராவதி ஆற்றின் கழிமுகத்துக் காடுகள் அழிக்கப்பட்டு நெல்வயல்களாயின. அவ்வயல்களுக்குக் கடனாக முதல் கொடுத்தவர்கள் செட்டிநாட்டு நகரத்தார். துறைமுகத்தில் மூட்டை சுமந்தும், அரிசி ஆலைகளில் உழைத்தும் பிழைத்தவர்கள் தெலுங்கர், தமிழர், ஒரியர், வங்காளியர் எனப் பல திறத்தினர். 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இரங்கூன் நகரத்து மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியரே. அங்கே தமிழ்ப் பள்ளிகள் இருந்தன, கோயில்கள் இருந்தன, வெ. சாமிநாத சர்மாவை ஆசிரியராகக் கொண்டு ‘ஜோதி’ என்னும் தமிழ்த் திங்களிதழும் வெளிவந்தது.

நம்மவர் பெருமையைச் சொல்லும்போது மற்றொன்றையும் மறையாமல் சொல்லுதல் முறை. 1930ஐ ஒட்டி நெல் விலை வீழ்ந்தது. கடன் வாங்கிய பர்மிய உழவரால் திருப்பிக் கொடுக்க இயலவில்லை. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள், முதன்மையான நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிலம் நகரத்தார் கைக்கு வந்து சேர்ந்தது. நிலம் இழந்த உழவனுடைய நெஞ்சு எப்படி எரிந்திருக்கும் என்பதை, நிலத்தின் அருமை அறிந்த நாம் உணரக்கூடும். அவனுக்கும் அது முன்னோர் மண்ணே அன்றோ!

1941 டிசம்பர் 23 அன்று இரங்கூன் மீது ஜப்பானியர் குண்டு வீசினர். அதன்பின் இலட்சக்கணக்கான இந்தியர் கால்நடையாகவே தாய்நாடு நோக்கிப் புறப்பட்டனர். பசியாலும் கொள்ளை நோயாலும் பல்லாயிரவர் வழியிலேயே மாண்டனர். சாமிநாத சர்மாவும் அவ்வாறு நடந்து வந்தவரே; அந்த நடையைப் பின்னர் நூலாகவும் எழுதி வைத்தார். அம்மக்கள் வந்த வழிகளுள் ஒன்று, தமு என்னும் பர்மிய ஊரைக் கடந்து மணிப்பூருக்குள் நுழைவது. அவ்வழியை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

போர் முடிந்தபின் பலர் பர்மாவுக்கே மீண்டனர். ஆனால் 1962 மார்ச் 2 அன்று தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1963, 1964 ஆகிய ஆண்டுகளில் வங்கிகளும் வாணிக நிலையங்களும் கடைகளும் அரசுடைமையாயின. 1964 மே திங்களில் ஐம்பது, நூறு கியாத்துத் தாள்கள் செல்லாதவை ஆக்கப்பட்டன. ஒரு தலைமுறை சேர்த்த பொருள் ஓரிரு திங்களில் கரைந்தது. கப்பலேறிய இந்தியர் நகையையோ பணத்தையோ மிகச் சொற்பமாகவே எடுத்துவர முடிந்தது.

இவ்வாறு வந்தவர்களில் மிகப் பலர் பர்மாவிலேயே பிறந்தவர்கள். அவர்கள் தமிழ்நாட்டைக் கண்ணால் கண்டதில்லை. பெற்றோர் சொல்லக் காதால் கேட்டதே உண்டு. அவர்களுக்கு அரசு முகாம் அமைத்தது, கடன் வழங்கியது, குடியிருப்பு கட்டியது. பல ஊர்களில் இன்றும் ‘பர்மா காலனி’ என்னும் பெயர் வழங்குவதை நாம் காண்கிறோம். சென்னையில் கடற்கரை இரயில் நிலையத்தின் அருகே 1969இல் தோன்றிய பர்மா பஜாரை அறியாதார் யார்? அங்கே மாலை வேளையில் விற்கும் அத்தோ என்னும் பர்மிய உணவை நம் பிள்ளைகள் விரும்பி உண்கின்றனர். ஒரு நாட்டை இழந்தவர்கள் கையில் கொண்டுவந்த சுவை அது என்பதை அவர்களுக்கு யாரேனும் சொல்ல வேண்டும்.

அரசு செய்யக் கூடியதைச் செய்தது. அரசால் செய்ய இயலாதது ஒன்று உண்டு. முன்னோர் விட்டுச் சென்ற வீட்டில் பங்காளியின் பிள்ளைகள் வாழ்ந்துகொண்டிருந்தனர். வயல் கைமாறி இரண்டு தலைமுறை ஆகியிருந்தது. நல்ல காலத்தில் மூட்டை முடிச்சோடு வந்த பர்மா உறவினர் விருந்தினர். வெறுங்கையோடு வந்து நின்றவரோ பாரம். பர்மாவில் அவர்களைக் ‘கலா’, அதாவது இந்தியர், என்று ஒதுக்கினர். தமிழ்நாட்டில் ‘பர்மாக்காரர்’ என்றனர்.

இந்நிலையில் அவர்களுள் ஒரு சாரார் செய்ததை எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது. வந்த சில ஆண்டுகளுக்குள்ளாகவே அவர்கள் பர்மாவுக்கே திரும்பிவிடத் துணிந்தனர். கப்பல் வழி இல்லை. எனவே நாட்டின் தென்கோடியிலிருந்து வடகிழக்குக் கோடிவரை பயணம் செய்து, மணிப்பூரைக் கடந்து, தமுவுக்கு எதிரேயுள்ள மோரே என்னும் எல்லையூரை அடைந்தனர். 1942இல் அகதிகள் எவ்வழியே இந்தியாவுக்குள் வந்தனரோ, அவ்வழியே இவர்கள் வெளியேற முயன்றனர். பர்மியப் படையினர் அவர்களைத் தடுத்துத் திருப்பினர். முன்னோர் மண்ணுக்கு மீண்டும் செல்ல மனமில்லை. பிறந்த மண்ணுக்குள் நுழைய வழியில்லை. எல்லைக் கோட்டின் அருகிலேயே குடிசை போட்டுத் தங்கினர்.

குக்கி மக்களும் மெய்தெய் மக்களும் வாழ்ந்த அவ்வூரில் அவர்கள் கடை வைத்தனர். அயலார் மொழிகளைக் கற்றனர். அங்காள பரமேசுவரிக்குக் கோயில் எழுப்பினர். மோரே தமிழ்ச் சங்கம் என ஒரு சங்கமும் அங்கே உண்டு. நம் சங்கத்துக்கு அது உடன்பிறப்பு. 2020இல் நோய்த்தொற்றால் எல்லை வாயில் அடைபட்டதும், 2021 பிப்ரவரியில் மியான்மரில் இராணுவம் மீண்டும் ஆட்சியைப் பிடித்ததும், 2023 மே முதல் மணிப்பூரில் மூண்ட கலவரமும் அவ்வூர் மக்களை அடுத்தடுத்து வாட்டின. மோரேயில் பிறந்து வளர்ந்த ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு முன்னோர் மண் எது? பாட்டன் பிறந்த பர்மாவா? அப்பாட்டனின் தந்தை பிறந்த இராமநாதபுரமா? தந்தை உழைத்து வீடு கட்டிய மோரேயா? தேசப்படத்தைப் பார்த்து இவ்வினாவுக்கு விடை காண இயலாது.

பர்மாவில் நேர்ந்தது அங்கு மட்டும் நேர்ந்ததன்று. பர்மாத் தமிழர் கப்பலேறிய அதே 1964இல், அக்டோபர் 30 அன்று, இலங்கை மலையகத் தமிழரைக் குறித்து இரு நாட்டுத் தலைமை அமைச்சர்களும் ஓர் உடன்பாடு கண்டனர். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. எஞ்சியோரையும் 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டனர். கணக்கு நேராக வந்தது. குடும்பங்களோ நேராகப் பிரியவில்லை. அண்ணன் இங்கும் தம்பி அங்குமாகப் பிரிந்த குடும்பங்கள் பல. தலைமன்னாரிலிருந்து இராமேசுவரம் வந்து இறங்கியோர் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டவர். அவர்களுக்காக 1968 முதல் நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. தேயிலையை விட்டு வந்தவர்கள் தேயிலைக்கே சென்றனர். இலங்கையில் ‘இந்தியத் தமிழர்’ எனப்பட்டவர்கள் இங்கே ‘சிலோன்காரர்’ ஆயினர். அங்கேயே தங்கி நாடற்றவராய் இருந்தோருக்கு 2003ஆம் ஆண்டின் சட்டத்தால்தான் இலங்கைக் குடியுரிமை கிடைத்தது.

அன்பர்களே, இவ்வரலாறுகளைக் கூறியது உங்களை அச்சுறுத்துவதற்கன்று. கடல் கடந்தவர்களுக்கும் நமக்கும் வேறுபாடு உண்டு. நாம் ஒரே நாட்டுக்குள் வாழ்கிறோம். இரயிலேறினால் ஊர் சேர்கிறோம். எவரும் நம்மைத் துரத்தவுமில்லை, கணக்கிட்டுப் பங்கிடவுமில்லை. ஆயினும் நம் பிள்ளை எழுப்பிய வினா நமக்கும் அவர்களுக்கும் பொதுவானது. “அங்கே நமக்கு யார் இருக்கிறார்கள்?” ஊர் என்பது ஆறும் திண்ணையும் மட்டுமன்று. வாசலில் வந்து நிற்பவனைக் கண்டு “வா” என்று சொல்லும் ஓர் ஆளும் அங்கே இருத்தல் வேண்டும். அந்த ஆள் இல்லாத இடம் முன்னோர் மண்ணாயினும் வெறும் மண்ணே.

ஆகவே ஊருக்குத் திரும்ப எண்ணுவோர் முதலில் அந்த ஆளைத் தேடிக்கொள்ள வேண்டும். கோடை விடுமுறையில் சென்னையில் இறங்கி, இரண்டு கோயிலும் ஒரு துணிக்கடையும் கண்டு திரும்புவது போதாது. சிற்றப்பா வீட்டில் நான்கு நாள் தங்க வேண்டும். அவருடைய பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் ஒரே பாயில் படுத்து, சண்டையிட்டு, சமாதானமாக வேண்டும். நம் பிள்ளை தமிழில் கடிதம் எழுதப் பழக வேண்டும். சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு அதற்காகவே நடைபெறுகிறது. அங்கே காலியாய்க் கிடக்கும் இருக்கைகளைக் காணும்போது நமக்கு வருத்தமே உண்டாகிறது.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். இந்த ஊரைக் காத்திருக்கும் அறையாக நாம் எண்ணலாகாது. இங்கே முப்பது ஆண்டு வாழ்ந்தும் அடுத்த வீட்டாருடைய மொழியில் அவர் துக்கத்தை விசாரிக்கத் தெரியாதவர் நம்மில் உண்டு. “எப்படியும் போகப் போகிறோம்” என்னும் எண்ணமே அதற்குக் காரணம். நாம் போகாமலும் இருக்கலாம். நம் பிள்ளைகளுக்கு இதுவே பிறந்த மண். நாளை அவர்கள் வேறெங்கோ அமர்ந்து, இந்தக் காலனியின் வேப்பமரத்தையும் இந்தச் சங்கத்தின் கூடத்தையும் கனவு காண்பார்கள்.

இன்று வடமாநிலத்து இளைஞர்கள் திருப்பூரின் பின்னலாடை ஆலைகளிலும் சென்னையின் கட்டட வேலைகளிலும் உழைக்கின்றனர். நாம் இங்கே காவிரியை நினைத்துப் பெருமூச்சு விடும் வேளையில், அவர்கள் அங்கே கங்கையை நினைத்துப் பெருமூச்சு விடுகின்றனர். நம்மூர் உறவினர்களோடு தொலைபேசியில் பேசும்போது அந்த இளைஞர்களைப் பற்றியும் ஒரு சொல் கேளுங்கள். அவர்களை ‘வடக்கத்தியான்’ என்று நம்மவர் இகழக் கேட்டால், இங்கே ‘மதராசி’ என்று இகழப்பட்ட நாளை எடுத்துச் சொல்லுங்கள். அதைச் சொல்லும் தகுதி நமக்கே மிகுதியாக உண்டு.

ஊரை விட்டு வந்தவர்களுக்குத்தான் “வா” என்னும் சொல்லின் அருமை தெரியும். இரங்கூனிலிருந்தும் தலைமன்னாரிலிருந்தும் வந்து நின்றவர்கள் அச்சொல்லைத்தான் எதிர்பார்த்தனர். நம் காலனிக்கு இவ்வாண்டு புதிதாக வந்துள்ள குடும்பங்கள் இக்கூடத்தின் பின்வரிசையில் அமர்ந்திருப்பதைக் காண்கிறோம். விழா முடிந்ததும் அவர்களைத் தனியே வீடு செல்ல விடாதீர்கள். எந்த மாவட்டம், யார் பிள்ளை என்னும் விசாரணையெல்லாம் பின்னர் ஆகட்டும். முதலில் அவர்களுக்கு இலை போடுங்கள்.