முன்னேஸ்வரமும் ஒன்பதாம் உறுப்புரையும்



அரசுக்கும் சமயத்துக்கும் உள்ள உறவைப் பேச இந்த முந்தல் கரைக்கு முழுத் தகுதி உண்டு. தெற்கே முன்னேஸ்வரம். பக்கத்தில் உடப்புத் திரௌபதை அம்மன். களப்புக்கு அப்பால் தலவில அன்னம்மாள். வடக்கே புத்தளத்துப் பள்ளிவாசல்கள். இங்கே ஆட்சிகள் மாறின. ஒவ்வோர் ஆட்சியின் செல்லச் சமயமும் மாறியது. அடி வாங்கியது எப்போதும் குடிமக்கள்தான்.

கோட்டை அரசன் தர்மபாலன் 1557இல் ஞானஸ்நானம் பெற்றுக் கத்தோலிக்கனானான். களனி விகாரை உட்படக் கோயில் நிலங்களைப் பிரான்சிஸ்கன் துறவிகளுக்கு எழுதிக் கொடுத்தான். முன்னேஸ்வரத்தைப் போர்த்துக்கேயர் இடித்தார்கள். பிறகு ஒல்லாந்தர் வந்தார்கள். அதே கத்தோலிக்கத்தைத் தடை செய்தார்கள், குருமாரைத் துரத்தினார்கள். நேற்று அரசு தூக்கி வைத்த சமயத்துக்கே இந்தக் கதி!

அந்தக் காலத்தில்தான், 1687இல், கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்து இறங்கினார் யோசேப் வாஸ் அடிகளார். யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் அவரைத் தேடினார்கள். அவர் வந்து சேர்ந்த இடம் எது? நம் புத்தளம்! புத்தளம் அன்று கண்டி அரசனுடையது. அங்கிருந்து 1692இல் கண்டிக்குப் போனபோது, போர்த்துக்கேய ஒற்றன் என்று பிடித்துச் சிறையில் போட்டார்கள். பிறகு மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவரை விடுவித்து ஊழியம் செய்ய விட்டான். 1697இல் கண்டியில் அம்மை பரவியபோது நோயாளிகளுக்கு அருகில் நின்றவர் அந்த அடிகளார்.

அந்த மன்னன் பௌத்தத்தில் அக்கறை இல்லாதவனா? புனித தந்தத்துக்கு மாளிகை எழுப்பியவன் அவன். அற்றுப்போன உபசம்பதை என்னும் உயர் துறவேற்பை மீட்க அரக்கானிலிருந்து பிக்குகளை அழைத்தவனும் அவனே. தன் சாசனத்தை வளர்த்தான், அடுத்தவன் செபத்தைத் தடுக்கவில்லை. பின்னாளில் முன்னேஸ்வரத்தைத் திரும்பக் கட்டியவனும் கண்டி மன்னன்தான், கீர்த்திஸ்ரீ இராஜசிங்கன். ஆகவே நான் பௌத்தத்துக்கு எதிராகப் பேசவில்லை. பௌத்தம் சட்டத்தின் காவலை நம்பி வாழ வேண்டிய சமயமல்ல என்றே சொல்கிறேன்.

வெள்ளைக்காரன் காலத்தில் ஆங்கிலிக்கன் சபைக்கு எல்லாச் சமயத்தவரும் கட்டிய வரியிலிருந்து பணம் போனது. 1881இல் சட்டம் போட்டு அதை நிறுத்தினார்கள். சபை அழிந்ததா? இன்றும் இருக்கிறது.

சுதந்திரத்தோடு வந்த சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு, ஒரு சமயத்தாருக்கு இல்லாத சலுகையை மற்றச் சமயத்தாருக்குத் தரும் சட்டத்தைத் தடுத்தது. 1972இன் யாப்பில் அது போனது. பௌத்தத்துக்கு முதன்மைத் தானம் வந்தது. 1978 யாப்பின் ஒன்பதாம் உறுப்புரை அதைத் தொடர்ந்தது. அது வெறும் மரியாதைச் சொல் என்பார்கள். இல்லை, ஐயா! 2003இல் மென்சிங்கன் கன்னியர் சபையைக் கூட்டிணைக்கும் சட்டமூலத்தை அந்த உறுப்புரையையும் காட்டித்தான் உயர் நீதிமன்றம் நிராகரித்தது. அது உரிமை மீறல் என்று 2005இல் ஐ.நா. மனித உரிமைக் குழு சொன்னது.

முதன்மை பெற்ற சமயத்துக்காவது நன்மையா? 1956இல் பண்டாரநாயக்காவை ஆட்சியில் ஏற்றப் பாடுபட்ட களனி விகாராதிபதி, அவரைக் கொல்லச் சதி செய்ததற்காகத் தண்டிக்கப்பட்டார். பதவியின் வாசலில் நின்ற துறவுக்கு நேர்ந்த இழுக்கு அது. பௌத்தச் சகோதரர்கள்தான் அதற்காக முதலில் வருந்த வேண்டும்.

புத்தளத்து முஸ்லிம் சகோதரர்கள் இங்கே இருக்கிறீர்கள். 2020இல் கொரோனாவில் இறந்தவர்களை எரித்தே ஆக வேண்டும் என்றது அரசு. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கவில்லை. பிறந்து இருபது நாளான சிசுவையும் எரித்தார்கள். 2021இல் அனுமதி வந்தபோதும் ஜனாஸாவைத் தொலைவிலுள்ள ஓட்டமாவடிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்க முடிவெடுத்தது. நல்லது. ஆனால் மையவாடியில் கைவைக்கும் அதிகாரத்தை அடுத்த அரசு எடுக்காது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

புதிய யாப்புக்காக 2016இல் மக்களிடம் கருத்துக் கேட்டது ஒரு குழு. மறுபடி அப்படி ஒரு குழு வந்தால், முந்தலில் இருந்து நாலு சமயத்தாரும் ஒரே மனுவோடு போவோம். 29ஆம் பிரிவு தந்த காப்பைத் திரும்பத் தாருங்கள் என்று கேட்போம். அந்த மனுவில் முதல் கையெழுத்தை ஒரு பௌத்தச் சகோதரர் இட வேண்டும் என்பது என் ஆசை.