கொரியா பெற்ற கையொப்பமும் கொடுத்த விலையும்



போர் ஓய்ந்த கையோடு வல்லரசிடம் காப்புறுதியை எழுத்தில் பெறுவது ஒரு சிறுநாட்டுக்கு எளிதன்று. 1953-இல் தென்கொரியா அதைப் பெற்றது.

1882-இல் அமெரிக்கா கொரியாவோடு நட்புடன்படிக்கை செய்தது. பிறர் கொரியாவுக்குத் தீங்கிழைத்தால் இடைநின்று உதவுவதாக எழுதிக் கொடுத்தது. 1905-இல் சப்பான் கொரியாவைத் தன் காப்பாட்சிக்குள் அடக்கியபோதோ, சியோலில் இருந்த தன் தூதரகத்தை மூடிக்கொண்டு வெளியேறியது! அவ்வாண்டு அமெரிக்கத் தலைவர் தியோடர் உரூசுவெல்ட்டை நேரிற் கண்டு முறையிட்ட கொரிய இளைஞர் சிங்மன் ரீ. அவரே 1953-இல் தென்கொரியக் குடியரசுத் தலைவர். வெறுஞ்சொல்லை அவர் நம்பாததில் வியப்பென்ன?

அமெரிக்கா போரை நிறுத்த விரைந்தது. காப்புடன்படிக்கையின்றிப் போர்நிறுத்தம் வேண்டா என்றார் ரீ. அவர் கையில் பொருளில்லை. படைக்கலமும் பிறர் தந்தது. மறுக்கும் ஆற்றல் ஒன்றே இருந்தது. சூன் 18-இல், வடக்கே திரும்ப மறுத்த சிறைப்பட்டோர் ஏறத்தாழ 27,000 பேரை எவரையுங் கேளாது திறந்துவிட்டார். போர்நிறுத்தப் பேச்சே ஆட்டங்கண்டது. அமெரிக்கத் துணைச்செயலர் இராபர்ட்சன் சியோலுக்கு விரைந்து, இரு கிழமைக்கு மேல் அவரோடு பேசினார். ரீ கையொப்பமிடவில்லை, தடுப்பதில்லை என்று மட்டும் ஒப்பினார். சூலை 27-இல் போர் நின்றது. அக்டோபர் 1-இல் வாசிங்டனில் உடன்படிக்கை கையொப்பமாயிற்று.

(உள்நாட்டில் ரீ கொடுங்கோலர், 1960-இல் மாணவர் எழுச்சி அவரை விரட்டியது. அது நிற்க.)

எழுத்தைக் கூர்ந்து படிக்க வேண்டும். 1949-இன் வட அத்திலாந்திய உடன்படிக்கை, ஒருவர்மேல் தாக்கு அனைவர்மேலும் தாக்கு என்கிறது. கொரிய உடன்படிக்கையின் மூன்றாம் கூறோ, அவரவர் அரசியலமைப்பு நெறிப்படி பொது இடரை எதிர்கொள்வர் என்னும் அளவில் நிற்கிறது. ஆறாம் கூற்றின்படி, ஓராண்டு முன்னறிவித்து எவரும் அதை முறிக்கலாம். அமெரிக்க மேலவை இன்னொரு முடிச்சும் போட்டது: வெளித்தாக்குக்கே துணை; ரீ தாமே வடக்கே படையெடுத்தால் இல்லை.

விலை வேறு. 1950-இல் போர் நெருக்கடியில், ஒன்றிய நாடுகள் படைக்குத் தலைமையேற்ற அமெரிக்கர் மக்கார்தரிடம் ரீ தம் படையின் கட்டளையுரிமையை ஒப்படைத்திருந்தார். உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த 1954 நவம்பரில், 70 கோடி தாலர் வரையிலான உதவியைப் பேசிய அதே இணக்கக் குறிப்பில், அவ்வுரிமை அங்கேயே இருக்கவும் இசைந்தார். அமைதிக்காலக் கட்டளை 1994 திசம்பரில்தான் திரும்பியது. போர்க்காலக் கட்டளைக்கு 2012 ஏப்பிரல் 17 என நாள் குறித்தனர். அது 2015-க்குத் தள்ளப்பட்டது. 2014-இல் நாளே குறிக்காமல் விடப்பட்டது.