பாட்டிலுக்கும் ஒரு முதிர்வுக் காலம்
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் கொண்டுவந்த ஒயின் பாட்டில் நம்மில் சிலர் வீட்டு ஷோகேஸில் நிற்கிறது. பழசாக ஆக ருசி கூடும் என்று பத்திரமாக வைத்திருக்கிறோம். அது எவ்வளவு தூரம் சரி என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன். குடிக்காதவர்களும் கேட்கலாம், யாரையும் நான் குடிக்கச் சொல்லவில்லை.

என் மகள் பிரான்சில் போர்தோ நகரில் இருக்கிறாள். ஓய்வு பெற்றபின் அங்கே மூன்று மாதம் தங்கினேன். மெர்லோ அந்தப் பகுதியின் கறுப்புத் திராட்சை. பொமெரோல் என்ற சிற்றூரில் அதற்குத்தான் முதல் மரியாதை. சீக்கிரம் பழுக்கும் ரகம். ஈரம் காக்கும் குளிர்ந்த களிமண் அதற்கு ஒத்துப்போகிறது. அங்கே உலகப் புகழ் பெற்ற பெத்ரூஸ் தோட்டம் நீலக் களிமண் மேட்டில் இருக்கிறது. மொத்தமே சுமார் 28 ஏக்கர்தான்.

ஆனால் கடையில் விற்கும் மெர்லோவில் பெரும்பாலானவை சில வருடங்களுக்குள் குடிப்பதற்காகவே செய்யப்படுபவை. உயர்ந்த பொமெரோல்தான் 20 வருடம், அதற்கு மேலும் தாங்கும். காரணம், அடர்த்தியான பழச்சாறு, புளிப்பு, தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வரும் டானின். டானின் நமக்குத் தெரியாததல்ல. பால் விடாத கடுந்தேநீர் நாக்கைப் பிடிக்கிறதே, அந்தத் துவர்ப்புதான். வருடங்கள் போகப் போக அது நிறப்பொருளோடு சேர்ந்து, ஒரு பகுதி வண்டலாக அடியில் படியும். முரட்டுத் துவர்ப்பு பட்டுப்போல் ஆகும்.

ருசி பார்க்கும் முறை எளிது. முதல் நாளே பாட்டிலை நிமிர்த்தி வைத்தால் வண்டல் அடியில் தங்கும். மெதுவாக ஊற்றி, கோப்பையை வெள்ளைத் தாளின் மேல் சாய்த்து விளிம்பைப் பாருங்கள். ஊதா என்றால் இளசு. செங்கல் நிறம் என்றால் முதிர்ந்தது. சுழற்றி முகருங்கள். இளசில் பிளம்ஸ், செர்ரி வாசம். முதிர்ந்ததில் புகையிலை, தோல், காளான், மழை நனைத்த மண். ஒரு வாய் எடுத்து, உடனே விழுங்காமல் நாக்கு முழுக்கப் பரவ விடுங்கள். விழுங்கிய பிறகும் ருசி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனியுங்கள். தரம் அங்கேதான் தெரியும்.

வைப்புநிதி ரசீதில் முதிர்வுத் தேதி அச்சிட்டிருக்கும். பாட்டிலில் அறுவடை ஆண்டு மட்டும்தான். நாள் தாண்டினால் இங்கே வட்டி மட்டுமா நிற்கும், முதலே கரைந்துவிடும்! அதனால்தான் விவரமானவர்கள் ஒரே வருடத்துப் பாட்டில்கள் பல வாங்கி, சில வருடத்துக்கு ஒன்றாகத் திறந்து பார்க்கிறார்கள்.

இதெல்லாம் 12, 13 டிகிரியில், இருட்டான நிலவறையில், கார்க் காயாதபடி படுக்க வைத்த பாட்டிலுக்கு. நம் ஊர் வெயிலில் ஷோகேஸும் பரணும் எந்த ஒயினையும் சீக்கிரமே கெடுத்துவிடும்.

2004இல் வந்த 'சைட்வேஸ்' என்ற ஆங்கிலப் படத்தின் நாயகனுக்கு மெர்லோ என்றாலே ஆகாது. அவன் பொத்திப் பொத்தி வைத்திருந்த 1961 ஷெவால் பிளாங்கிலேயே மெர்லோ கலந்திருக்கிறது! நல்ல நாளுக்கென்று காத்திருந்தவன், கடைசியில் பர்கர் கடையில் தனியாக உட்கார்ந்து அதைக் குடிக்கிறான்.

நமக்கு அந்த நிலை வேண்டாம். கொண்டுவந்த பிள்ளை அடுத்த முறை வரும்போது, பக்கத்தில் உட்கார வைத்துத் திறந்துவிடுங்கள். அதைவிட நல்ல நாள் எது?